கடலையளவு சிங்கம்

அத்தியாயம் 6

கள்ளி என்று பெயர் எடுத்த மணப்பெண் எங்கள் அலுவலகக் கதிரையில் அழாமல் இருந்தாள். எனக்கு அதுதான் பயம். அழுகிறவர்களுக்கு ரிஷூப் பெட்டியைத் தள்ளிவிட்டால் போதும். அழாதவர்களுக்கு உண்மையாகவே வேலை செய்துகொடுக்க வேண்டும்.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடி. எங்கள் பைல்களை மோந்து பார்த்தால் பசி எடுக்கும். முதலாளி உம்மு ஸல்மா, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்தவர். இன்சூரன்ஸ் கம்பனியில் இருந்து மற்றவர்களின் பொய்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், கடைசியில் சொந்தமாகத் துப்பறியும் லைசன்ஸ் எடுத்தவர். நான் ராகுலன். கார் ஓட்டுவதும், தேவையில்லாத இடத்தில் வாய் காட்டுவதும் என் இலாகா.

"முதலிலை இருந்து சொல்லுங்கோ பிள்ளை" என்றார் ஸல்மா அக்கா.

நிலக்சி சொன்னாள். பல் வைத்தியசாலை ஒன்றில் பல் சுத்தம் செய்கிறவள். பிறந்து வளர்ந்தது ஏழைச் சனம் நெருங்கி வாழ்கிற சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில். அப்பா அம்மா இன்னும் அங்கேதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் மார்க்கம் நகரத்து அபிஷனுக்கும் கலியாணம். அபிஷனின் தகப்பன் ஜெயரட்ணம் வீடு வாங்கி விற்கிற தரகர். மார்க்கத்தில் எந்தப் பஸ் தரிப்பிட வாங்கில் சாய்ந்தாலும் அவருடைய விளம்பர முகத்தில்தான் சாய்வீர்கள்.

"அங்கிளுக்குப் பழைய கொயின் சேர்க்கிற விசர்" என்றாள். "ஆறு வைச்சிருக்கிறார். லிடியா எண்டு ஒரு நாடாம், இப்ப துருக்கி இருக்கிற இடம். ரெண்டாயிரத்து அறுநூறு வருசம் பழசு. ஒரு பக்கம் சிங்கத்தின்ரை தலை. போன சனிக்கிழமை பின்னேரம் சாறி குடுக்கப் போனன். ஆறிலையும் சின்னதை என்ரை உள்ளங்கையிலை வைச்சுக் காட்டினவர். ஒரு கடலையளவுதான் இருக்கும்."

"தங்கமோ?" என்றேன்.

"இல்லை. எலெக்ட்ரம். பொன்னும் வெள்ளியும் தானாகவே கலந்து ஆத்து மண்ணிலை வாறது. வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாருக்கும் அங்கிள் உந்த லெக்சர் அடிப்பார். தேத்தண்ணி வர முதல் லெக்சர் வரும்."

"பிறகு?"

"அடுத்த நாள் காலமை அங்கை பொன்னுருக்கல். அது முடிஞ்சு சனம் போனாப்பிறகு பெட்டியைத் திறந்தா அந்தச் சின்னக் கொயின் இல்லை. கடைசியாத் தொட்டது நான்தானாம். சென் ஜேம்ஸ் ரவுண் பிள்ளை எண்டா வேறை என்ன செய்யும் எண்டு கேட்டவராம். கொயின் வராட்டிக் கலியாணம் இல்லையாம். அதைவிட, ஒவ்வொரு ஆளாப் போன் எடுத்து நான் கள்ளி எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறார். அம்மா வேலைக்கும் போகாமல் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறா."

"அபிஷன் என்ன சொல்லுறார்?" என்று அக்கா கேட்டார்.

நிலக்சி போனைத் திருப்பிக் காட்டினாள். 'பேபி, அப்பா கொஞ்சம் ஹொட். கூல் ஆகட்டும்' என்று இருந்தது. பக்கத்தில் ஓர் இதயப் படம்.

"நேரை வந்து கதைக்கேல்லையோ?"

"பொன்னுருக்கினாப்பிறகு தாலி கட்டுமட்டும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆளை ஆள் பாக்கக்கூடாதாம்."

"நல்ல வசதியான வழக்கம்" என்றேன். ஸல்மா அக்கா என்னை முறைத்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

உண்மையில் எனக்கு அப்போதே விடை வந்துவிட்டது. பொன்னுருக்கல் என்றால் என்ன? கலியாணத்துக்கு முதல் ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டாரைக் கூப்பிட்டு, சபைக்கு முன்னால் ஒரு தங்கப் பவுண் காசை உருக்கித் தாலிக்குக் கொடுப்பது. அதே வீடு, அதே நாள், காணாமல் போனதும் மஞ்சளாய் மினுங்குகிற ஒரு பழைய நாணயம். வேறென்ன நடந்திருக்கும்? மாறி உருக்கிவிட்டார்கள்.

"கேஸ் முடிஞ்சுது அக்கா" என்றேன். "சிங்கம் தாலிக்குள்ளை படுத்திருக்கு. கள்ளி எண்ட பிள்ளையின்ரை கழுத்திலை ஜெயரட்ணமே மேளம் அடிச்சுக் கட்டுவிக்கப்போறார்."

"அப்படியெண்டா முதலிலை தட்டாரைப் பாப்பம்" என்று அக்கா கோட்டை மாட்டினார். நிலக்சியும் எங்களோடு காரில் ஏறினாள். வீட்டுக்குப் போய்த் தாயின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

தட்டார் நவரட்ணத்தின் கடை ஒரு பிளாசாவில், ஒரு பல் வைத்தியசாலைக்கும் டயர்க்கடைக்கும் நடுவில். பெரிய வாய்க்காரர். அபிஷனின் தாலி பாதி வேலையில் மேசையில் கிடந்தது. நான் என் கண்டுபிடிப்பைச் சொல்ல, மனுசன் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நான் உருக்கினது பவுண். அதிலை மகாராணியின்ரை தலை இருந்தது. உருகேக்கை அவவின்ரை மூக்குத்தான் கடைசியாப் போனது. சபை முழுக்கப் பாத்தது, வீடியோக்காரன் கிட்டவந்து எடுத்தவன். உங்களுக்கு வேணுமெண்டா மூக்கைப் போட்டுக் காட்டுவன்."

போனில் போட்டுக் காட்டினார். ரோசாப்பூ இதழ்கள் விழ, சினிமாப் பாட்டு அடிக்க, மகாராணியின் மூக்கு மெதுவாக உருகியது. சிங்கம் இல்லை. என் கேஸ் அந்த மூக்கோடு சேர்ந்து போய்விட்டது.

"அண்டைக்கு வேறை ஏதாவது வித்தியாசமா நடந்ததோ அண்ணை?" என்று அக்கா கேட்டார்.

"நடந்ததோவோ? நடந்ததெல்லாம் வித்தியாசம்தான். கார் விட இடமில்லை, ரெண்டு தெரு தள்ளி விட்டிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளை நடந்தனான். நெருப்பு மூட்டின உடனை ஸ்மோக் அலாம் அடிச்சு நாதஸ்வரத்தை மூடிப்போட்டுது. ஒரு மாமா கதிரையிலை ஏறித் துவாயாலை அதை விசுக்கினவர், கதிரையோடை விழுந்தார். அதுக்கு முதல், நான் இன்னும் பல்லு மினுக்கேல்லை, மாப்பிள்ளையின்ரை தாய் புனிதவதி அக்கா போன் எடுத்துப் பஞ்சலோகத் துண்டு ஏதும் கிடக்கோ எண்டு கேக்கிறா. நான் தங்கத் தட்டார், என்னட்டை ஏன் அது? அந்த நேரத்திலை எந்தக் கடை திறந்திருக்கும்? பிறகு காசு தரேக்கை மனுசன்..."

"பஞ்சலோகம் என்னத்துக்கு?" என்று அக்கா இடையில் வெட்டினார்.

இதற்கு நானே பதில் சொன்னேன், ஏதாவது ஒன்றிலாவது கெட்டிக்காரன் என்று காட்டவேண்டுமே. பொன்னுருக்கின கையோடு கன்னிக்கால் நடுவார்கள். கலியாண வீட்டு முதல் தடி. குழி கிண்டி, அதற்குள் பாலும் நவதானியமும் ஐந்து உலோகம் கலந்த ஒரு துண்டும் போட்டு, முள்முருக்குத் தடியை ஊன்றித் தண்ணீர் விடுவது. கலியாணம் ஒப்பேறுமட்டும் அதை ஒருவரும் அசைக்கக்கூடாது. தை மாசத்து மார்க்கத்தில் உறைந்த நிலத்தைக் கிண்ட அலவாங்கும் போதாது, முள்முருக்கும் இல்லை. ஆகவே வாளியில் மண் போட்டு மேப்பிள் கொப்பு நடுகிறார்கள். சாமியும் கனடாவுக்கு வந்தபின் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.

"துண்டு கிடைச்சதோ அண்ணை?" என்று அக்கா நவரட்ணத்திடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும். கால் நட்டவை. அப்ப எங்கையோ எடுத்திருப்பினம்தானே."

அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறியதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மார்க்கம்."

"அக்கா, எனக்கும் ஒருக்காச் சொன்னா என்ன?"

"சொன்னா நீ அங்கை போன உடனை கத்துவாய்."

கோபம் வந்தது. ஆனால் அது உண்மை. வழி முழுக்கப் பஸ் தரிப்பிட வாங்குகளில் ஜெயரட்ணம் சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் யாரோ புண்ணியவான் அவருக்குக் கொம்பு கீறியிருந்தான். நிலக்சி அதைப் பார்த்து அன்றைக்கு முதல்முறை சிரித்தாள்.

வீட்டு வாசலில் அவள் இறங்கவில்லை. "உள்ளுக்கு அபிஷன் நிப்பான். பாத்தாக் குற்றம் எண்டு சொல்லுவினம்" என்று கார் ஹீட்டரைக் கூட்டிவிட்டு இருந்தாள். கள்ளி என்று சொன்ன வீட்டின் வழக்கத்தைக் கள்ளி காப்பாற்றுகிறாள்.

ஜெயரட்ணம் எங்களை நேரே கண்ணாடி அலுமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணி வரவில்லை, லெக்சர் வந்தது. அதற்குள் இருந்த பெட்டியில், நீல வெல்வெட்டில் ஐந்து நாணயங்கள், ஒரு வெறும் குழி. மற்ற ஐந்தும் அவரைக்கொட்டையளவு, மொச்சையளவு. ஒவ்வொன்றிலும் வாயைப் பிளந்த சிங்கம்.

"இது முழுக்கத் தங்கமில்லை பாருங்கோ. பொன், வெள்ளி, கொஞ்சம் செம்பு. கலப்பு உலோகம். அதுதான் இதின்ரை மகிமை" என்றார்.

"பூட்டு உடைச்சிருக்கோ?" அக்கா கேட்டார்.

"இல்லை. அலுமாரித் திறப்பு சாமியறையிலை ஆணியிலை தொங்கும்."

"எல்லாத்திலையும் விலை குறைஞ்சது எது அண்ணை?"

"காணாமல் போனதுதான். சின்னதெல்லே."

"கள்ளி எண்டா பெரிசு அஞ்சையும் விட்டிட்டு உந்தக் கடலையை ஏன் எடுக்கிறா?"

"தெரியாத சனம். விலை விளங்காது."

"உங்கடை லெக்சர் முழுக்கக் கேட்ட பிள்ளை" என்றேன். "அதுக்குப் பிறகும் விலை விளங்கேல்லை எண்டா, லெக்சரிலைதான் பிழை."

அவருடைய முகம் சிவந்தது. பஸ் தரிப்பிடத்தில் இதைவிட நல்ல நிறம். "ஆரப்பா உவன்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"அவனை விடுங்கோ. புனிதவதி அக்காவோடை ஒருக்காக் கதைக்கவேணும்" என்று ஸல்மா அக்கா உள்ளே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

புனிதவதி சாமியறையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வாளி, வாளியில் மேப்பிள் கொப்பு, கொப்பில் மஞ்சள் துணி. வரவேற்பறையில் நட்ட காலை, கொப்பு அசையாமல் வாளியோடு இழுத்துக்கொண்டு வந்து தன் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்தார். இலையில்லாத அந்தத் தடிக்கு ஏன் இவ்வளவு காவல் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, ஸல்மா அக்கா அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார்.

"அக்கா, பஞ்சலோகம் எங்கை எடுத்தீங்கள்?"

புனிதவதியின் கை தானாக வாளியின் விளிம்பைப் பிடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வாய் திறந்தது; அக்கா திரும்பாமலே விரலைத் தூக்கினார். மூடிக்கொண்டேன்.

"ஐயர் வந்து நிக்கிறார்" என்று புனிதவதி மெல்லச் சொன்னார். "பஞ்சலோகத்தை வாங்க மறந்துபோனன், விடியத் தேடியும் கிடைக்கேல்லை. நேரம் போகுது எண்டு அவர் கத்துறார். இவர்தானே நெடுகச் சொல்லுறவர், கலப்பு உலோகம், பொன்னும் வெள்ளியும் செம்பும் கிடக்கு எண்டு. அஞ்சிலை மூண்டு இருக்கெல்லே. சின்னனா ஒண்டை எடுத்துக் குடுத்தன். ஐயர் பாத்திட்டுத் தலையாட்டினார்."

ஐந்தில் மூன்று. பள்ளிக்கூடத்தில் நான் அதைவிடக் குறைய எடுத்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அந்த நிமிசமே காலைப் பிடுங்குவார். உங்களுக்கு அவரைத் தெரியாது. நட்ட காலைப் பிடுங்கினா என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை என்னத்துக்கு ஆகும்? கலியாணம் முடியக் கால் எடுப்பினம், அப்ப கழுவி வைச்சிடலாம் எண்டு நினைச்சன். அதுக்குள்ளை அவர் பெட்டியைத் திறப்பார், அந்தப் பிள்ளையைச் சொல்லுவார் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை."

"சொன்னாப்பிறகும் பேசாமல் இருந்தீங்கள்."

"ஓம்" என்றார் புனிதவதி. "இருந்தன். ஒவ்வொரு போனுக்கும் அடுத்த அறையிலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தன்." அவர் அழத்தொடங்கினார். எனக்கு ஆத்திரமும் பாவமும் சேர்ந்து வந்தது. மகனின் கலியாணத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடினார், அந்த மூடின வாய்தான் கலியாணத்தைக் குழப்பிக்கொண்டிருந்தது.

"நிலக்சி வெளியிலை காரிலை இருக்கிறா" என்றார் ஸல்மா அக்கா. "நான் அவவுக்குச் சொல்லத்தான் வேணும். அதுக்கு முதல் நீங்களாச் சொல்லுறது நல்லது."

புனிதவதி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எழுந்து கதவடிக்குப் போய், "இஞ்சை வாங்கோ" என்று கூப்பிட்டார். கணவர் வந்தார். புனிதவதி சொன்னார். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார்.

ஜெயரட்ணம் பாய்ந்து கொப்பைப் பிடித்தார். புனிதவதி அதே கொப்பை மறுபக்கம் பிடித்தார்.

"விடு."

"விடமாட்டன்."

"என்ரை சிங்கம் சேத்துக்குள்ளை கிடக்குது."

"ரெண்டாயிரம் வருசம் சேத்துக்குள்ளை கிடந்ததுதானே" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்காதோ?"

"ராகுலன்" என்றார் அக்கா. "போய் நிலக்சியைக் கூட்டிக்கொண்டு வா."

காரடியில் வைத்தே அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நிலக்சி சப்பாத்தையும் கழற்றாமல், பனிச்சேறு சொட்டச் சொட்ட, நேரே சாமியறை வாசலுக்கு வந்தாள். மாடிப்படியில் நின்ற அபிஷன் அவளைக் கண்டதும் டக்கென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நான் பாக்கேல்லை அம்மா" என்று சுவருக்குச் சொன்னான். நல்ல மாப்பிள்ளை.

நிலக்சி அவனைக் கவனிக்கவில்லை. ஜெயரட்ணத்தின் கையைப் பார்த்தாள். அது இன்னும் கொப்பில் இருந்தது.

"பிடுங்குங்கோ அங்கிள்."

"என்ன?"

"பிடுங்குங்கோ. கொயினை எடுங்கோ. நான் வீட்டை போய் எல்லாத்தையும் கான்சல் பண்ணுறன். எனக்குக் கால் பிடுங்கின வீடும் வேண்டாம், கள்ளி எண்ட வீடும் வேண்டாம். லண்டனிலை இருந்து கலியாணத்துக்கு வந்து இறங்கின உங்கடை ஆக்களுக்கு நீங்களே காரணம் சொல்லுங்கோ."

அவர் விழித்தார். வாங்குகளில் சிரிக்கிற அந்த முகத்தை அடுத்த கிழமை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் பார்த்திருப்பார். "அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"கையை எடுங்கோ. பிறகு நீங்கள் ஆர் ஆருக்குப் போன் எடுத்தீங்களோ, அவை எல்லாருக்கும் திரும்ப எடுங்கோ. ஸ்பீக்கரிலை. நான் இதிலை நிக்கிறன்."

"எடுத்து?"

"நான் கள்ளி இல்லை எண்டு சொல்லுங்கோ."

படியில் அபிஷன் சுவரை விட்டுத் திரும்பினான். "அப்பா, எடுங்கோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இரண்டு சொல் என்றாலும், அந்த வீட்டில் அவன் வாயால் வந்ததால் பெரிய விஷயம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெயரட்ணத்தின் கை கொப்பை விட்டது. போனை எடுத்து முதல் நம்பரை அமத்தினார். மணி அடித்தது. ஒரு பெண் குரல், "ஓம், சொல்லுங்கோ ஜெயரட்ணம் அண்ணை, கள்ளி அம்பிட்டவளோ?" என்று ஆவலோடு கேட்டது.

"இராஜேஸ்வரி, அந்தக் கொயின் கிடைச்சிட்டுது. எடுத்தது வேறை ஆள். எடுத்தது என்ரை..." என்று தொடங்கி மனைவியைப் பார்த்தார். புனிதவதி தலையைக் குனிந்தார். இராஜேஸ்வரிக்குத் தெரிந்தால் பொழுதுபட முதல் மார்க்கம் முழுக்கத் தெரியும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் விளங்கியது.

நிலக்சி போனைத் தன் கையால் பொத்தினாள். "அன்ரியின்ரை பேர் வரக்கூடாது."

ஜெயரட்ணம் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் கையை எடுத்தாள்.

"எடுத்தது ஒருத்தருமில்லை இராஜேஸ்வரி" என்றார் ஜெயரட்ணம். "அது வீட்டுக்குள்ளைதான் கிடந்தது. நான் வடிவாப் பாக்காமல் அந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டன். பிழை என்ரை."

போன் வைத்தபின் புனிதவதி நிலக்சிக்குக் கிட்ட வந்தார். கையைப் பிடிக்க நீட்டினார், பிடிக்கப் பயந்து பாதியில் நிறுத்தினார்.

"நான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தன் பிள்ளை. நீ ஏன் என்ரை பேரைச் சொல்லவிடேல்லை?"

அதுவரை அழாத நிலக்சியின் கண் அப்போதுதான் நிறைந்தது.

"சனம் ஒரு மாதிரிப் பாக்கேக்கை எப்படி இருக்கும் எண்டு எனக்கு இப்பத் தெரியும் அன்ரி" என்றாள். "அது உங்களுக்கு வேண்டாம்."

நீட்டின கையை அவளே பிடித்தாள். ஜெயரட்ணம் அடுத்த நம்பரை அமத்தினார்.